கடைமடைக்கு வராத இணையம்

இயங்குதளம் புதுப்பித்த வீடுகளில் அடிக்கடி அறுபடும் வைஃபை: புதுக்கோட்டையிலிருந்து ஒரு விசாரணை

சென்ற ஐப்பசியில், அடைமழை விட்டும் தூறல் விடாத ஒரு முற்பகலில், சென்னை அலுவலகத்துக் கூட்டத்தில் வீட்டிலிருந்தபடியே கலந்துகொண்டு, தன் முறை வந்ததும் பேசத் தொடங்கியிருந்த என் மருமகள், பாதி வாக்கியத்தில் நின்று, திரையில் சித்திரம்போல் உறைந்துவிட்ட முகங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மாமா, திரும்பவும் போயிருச்சு” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். அன்று காலையில் அது நான்காம் முறை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தோம். திங்கட்கிழமை முதல் இந்த உபத்திரவம். ஆகவே அந்தப் புதுப்பிப்பே இதற்குக் காரணம் என்பதில் வீட்டில் எவருக்கும் சந்தேகமில்லை. கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் தம்பியிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனபோது, அவர் மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: “ஃபார்மட் அடிச்சுப் பழசையே போட்டுரலாம் சார். ஒரு மணி நேர வேலை.”

அந்த ஒரு மணி நேர வேலையில் என்னென்ன போகும் என்பதை நான் அறிவேன். பேத்தி முதல் அடி எடுத்து வைத்த காட்சி, காலமான என் தமையனாரின் குரல், பத்திரங்களின் நகல், பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் ஆகிய அனைத்தும், யாரேனும் ஒருவர் பிரதி எடுத்து வைக்க மறந்திருந்தால், திரும்பி வாராத இடத்துக்குப் போய்ச் சேரும். நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித் தங்கள் நினைவுச் சொத்துக்களை இழந்திருக்கின்றன என்பதை எண்ணும்போது என் மனம் பதைக்கிறது. காலில் முள் தைத்தவனுக்குக் காலையே எடுத்துவிடுவது வைத்தியமாகாது. ஆகவே மூன்று நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

இணையம் என்பது நமக்குப் புதிதாக இருக்கலாம். வர வேண்டியது வந்து சேராமல் வழியில் நின்றுபோவது இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய், ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடி, அறந்தாங்கியையும் ஆவுடையார்கோவிலையும் தொட்டு, மணமேல்குடிப் பக்கத்து மும்பாலையில் முடிகிறது. அந்தக் கடைமடை விவசாயி தன் வயலில் நீர் வராவிட்டால் என்ன செய்கிறார்? காவிரியே வற்றிவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவதில்லை, வயலை விற்றுவிடுவதுமில்லை. மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு, வாய்மடையிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கிளைக் கால்வாய்க்கும் வரப்போடு மேல்நோக்கி நடந்து போய், எந்த இடம்வரை நீர் நிற்கிறது, எந்த இடத்துக்குக் கீழே தரை காய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு என்று நிர்ணயிக்கிறார். உலகத்துப் பெரிய இணைய நிலையங்களில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் செய்வதும் இதையேதான். வேறு தந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை.

நம் வீட்டுக்கு இணையம் வரும் வழியையும் அவ்விதமே நடந்து பார்க்கலாம். தொலைதூரத்துச் சேவைக் கணினியிலிருந்து சேவை தருகிறவரின் நிலையம் வரை ஒரு தூரம். அங்கிருந்து மின்கம்பங்களின் வழியே, பெரும்பாலும் முன்பு தொலைக்காட்சிக் கேபிள் கொடுத்துவந்தவர்களே இன்று இழுத்துத் தரும் கண்ணாடி இழையில், வீட்டுச் சுவரில் நாம் மோடம் என்றழைக்கும் பெட்டி வரை ஒரு தூரம். அந்தப் பெட்டியிலிருந்து கணினி வரை, கம்பியில்லாமல் ஆகாய மார்க்கமாக, பத்து இருபது அடி. இந்தக் கடைசி இருபது அடியில்தான், கணினியை மாற்றியமைப்பதால் பழுது வர முடியும். மோடத்துக்கு அப்பால் இருப்பவற்றுக்கு நம் மடிக்கணினி புதுப்பிக்கப்பட்டதா இல்லையா என்பதே தெரியாது.

தர்க்க நூலார் காகதாலீய நியாயம் என்று ஒன்றைச் சொல்வார்கள். காக்கை வந்து உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, காக்கைதான் விழச் செய்தது என்று பார்த்தவன் சத்தியம் செய்கிறான். இயங்குதளம் ஞாயிற்றுக்கிழமை மாறியது, இணையம் திங்கட்கிழமை அறுந்தது என்பதும் அவ்வளவில் ஓர் அனுமானமே, பிரத்தியட்சம் அன்று. காக்கையையும் பழத்தையும் பிரித்தறிய எனக்குக் கிடைத்த சாதனம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. இணைப்பு அறுந்த நேரம், மீண்ட நேரம், அப்போது கைப்பேசியிலும் வைஃபை போயிற்றா, மோடத்தில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது, மின்சாரம் இருந்ததா, மழையா வெயிலா என்று பத்திகள் கிழித்து, மருமகளும் நானும் மாறி மாறி எழுதினோம். மழையைப் பற்றிய பத்தியைக் கண்டு வீட்டில் சிரித்தார்கள். பின்னால் அதுவே எங்களுக்குக் கைகொடுத்தது.

நோட்டுப் புத்தகத்தோடு துணைக்கு வைத்துக்கொண்ட கருவி பிங் என்பது. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், 1983 டிசம்பரில், வலையமைப்பு ஒன்று காரணம் தெரியாமல் தகராறு செய்தபோது, ஒரே மாலைப்பொழுதில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு இடத்தை அறிவதுபோல, ஒரு முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா, வர எத்தனை நேரமாகிறது என்று சொல்லும். நாற்பதாண்டுக்கு மேலாகியும் இதற்கு நிகரான எளிய கருவி பிறக்கவில்லை என்பதே என் எண்ணம். கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரத்தை மூன்றாகத் திறந்து, ஒன்றில் மோடத்தின் முகவரியையும், அது பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 என்றிருக்கும், இரண்டாவதில் வெளியுலக முகவரியான 8.8.8.8 என்பதையும், மூன்றாவதில் ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயரையும் இடையறாமல் கேட்டுக்கொண்டிருக்கும்படி ஏவிவிட வேண்டும். இணைப்பு அறும் தறுவாயில் மூன்றையும் பார்த்தால் அடைப்பு எங்கே என்பது விளங்கிவிடும். மோடமே பதில் சொல்லவில்லையென்றால் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள இருபது அடியில் குறை. மோடம் பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லையென்றால் குறை வீட்டுக்கு வெளியே. இரண்டும் பேசுகின்றன, பெயரைச் சொல்லி அழைத்தால் மட்டும் பதிலில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஏற்பாட்டில் கோளாறு. வேறு டிஎன்எஸ் முகவரியைக் குறித்துக் கொடுத்தால் நாழிகையில் தீரும்.

இரண்டு நாள் குறிப்பில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. பகலில் நேர்ந்த அறுபடல்களில் பெரும்பாலானவற்றின்போது கைப்பேசிகள் யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. கணினிக்கு மட்டும் மோடத்திடமிருந்து பதிலில்லை. அதிலும், மருமகள் சற்று நேரம் எதையும் தொடாமல் தாளில் எதையாவது எழுதிக்கொண்டிருந்து, பிறகு திரைக்குத் திரும்பும் வேளையில்தான் அது நேர்ந்தது. மடிக்கணினியை மோடத்துக்கு அருகில் கொண்டுபோய் லேன் கம்பியால் நேராகச் செருகியபோது அந்த அறுபடல் அரைநாள் முழுதும் தலைகாட்டவில்லை. ஆக, வைஃபை உறுப்பு ஓய்ந்திருக்கையில் உறங்கிவிடுகிறது, எழும்போது தடுமாறுகிறது என்ற அனுமானத்துக்கு வந்தோம். பேட்டரியைச் சேமிக்கும் பொருட்டு, வேலையில்லாத உறுப்பை உறங்கவைப்பது இக்காலத்து இயங்குதளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம். பழைய அமைப்பில் நாமோ கணினி விற்றவரோ அதை நிறுத்திவைத்திருந்தாலும், புதுப்பிக்கும்போது அது மீண்டும் தொடக்க நிலைக்கே திரும்பிவிடுவதுண்டு. விண்டோஸ் உள்ள கணினிகளில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை உறுப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்த உறுப்பை நிறுத்தலாம் என்று பொருள்படும் வரிக்கு முன்னுள்ள குறியை நீக்க வேண்டும். சில புதிய மடிக்கணினிகளில் அந்தப் பகுதியே இராது. உபுண்டு இயங்குதளம் வைத்திருப்போர், நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு எதிரே உள்ள 3 என்னும் எண்ணை 2 ஆக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த மாற்றம் ஒன்றைச் செய்ததும், பகல்நேர அறுபடல் அன்றோடு நின்றது. ஃபார்மட் அடித்திருந்தால், அமைப்பைப் புதிதாகப் போட்ட மறுநாளே அதே உறக்கம் அதே இடத்தில் மீண்டும் வந்து குந்தியிருக்கும்.

எல்லா வீட்டிலும் குற்றவாளி இதுவேயாக இராது. மேம்படுத்தல் என்னும் ஒரே சொல்லுக்குள் பல மாற்றங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் முதன்மையானது டிரைவர் மாறுவது. வைஃபை உறுப்புக்கும் இயங்குதளத்துக்கும் இடையே துபாஷியாக நிற்கும் நிரல் அது. கணினி செய்தவர் அந்த உறுப்புக்கென்றே ஆக்கித் தந்த துபாஷியை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒருவரைப் புதிய அமைப்பு அமர்த்திவிட்டால், பேச்சு நடக்கும். ஆனால் நடுநடுவே பொருள் தவறும். டிவைஸ் மேனேஜரிலேயே முந்தைய டிரைவருக்குத் திரும்பும் வசதி உண்டு; அல்லது கணினி செய்தவரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த மாதாந்தரப் புதுப்பிப்பு ஒன்றால், பல தேசங்களின் பல்கலைக்கழகங்களில் சில வகை வைஃபை உறுப்புகள் இணைய மறுத்தன. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு அந்த மாதத்துக்குள்ளேயே மாற்றத்தைத் திருப்பிக்கொண்டது. பெருநிறுவனங்களுக்கும் இது நேர்கிறது என்பதால், நம் வீட்டில் நேர்ந்ததற்காக நம் அறியாமையை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பெரிய மேம்படுத்தலுக்குப் பின் பத்து நாட்கள் வரை பழைய பதிப்புக்கே, கோப்புகள் அழியாமல், திரும்பிச் செல்லும் வழியையும் விண்டோஸ் திறந்துவைத்திருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்லாமல் ஃபார்மட்டுக்குப் போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே பருவத்தில் இந்த மாற்றம் நடந்தது, நடந்துவருகிறது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. தமிழக அரசு 2011 செப்டம்பர் முதல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை இந்த வகுப்பில் அடங்கும். அவற்றில் முறைமீறி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவோர் இருக்கிறார்கள். ஏற்றிய பிறகு, அந்தப் பழைய வைஃபை உறுப்புக்குப் பொருந்தும் டிரைவரை எவரும் எழுதியிராததால், இணைப்பு விட்டு விட்டு வருவதில் வியப்பில்லை. அவ்விதக் கணினிகளுக்குச் சீ-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸோ, உபுண்டுவோ தக்கது என்பதே என் முடிவு.

இன்னொரு நுட்பமும் நம்மவர்க்கு எளிதில் விளங்கும், ஏனெனில் அது குத்தகை முறையில் நடப்பது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஒரு முகவரியைக் காலவரையறையோடு குத்தகைக்குக் கொடுக்கிறது. 1997-இல் வகுத்த விதிப்படி, குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். அப்போது பதில் கிடைக்காவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் மீண்டும் கேட்கும். அதுவும் கைகூடாமல் காலம் முடிந்தால், முகவரியைக் கைவிட்டுத் தனித்து நிற்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் அறுபடல்களெல்லாம் பன்னிரண்டு மணிக்கொரு முறை, இருபத்துநான்கு மணிக்கொரு முறை என்று கடிகாரம்போல் வந்திருந்தாலும், கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினாலும், குத்தகையில் தகராறு என்று கொள்ளலாம். அதற்கு இன்னொரு மூலகாரணமும் உண்டு. ஆளைத் தொடர முடியாதிருக்கும் பொருட்டு, வைஃபை உறுப்பின் நிரந்தர அடையாள எண்ணை மறைத்துப் பொய்யெண்ணைக் காட்டும் வசதி இப்போதைய இயங்குதளங்களில் இருக்கிறது. அதை இயக்கி, எண்ணை நாள்தோறும் மாற்றச் சொல்லியிருந்தால், மோடத்துக்கு நம் கணினி தினமும் ஒரு புதிய அந்நியர். தெரிந்த எண்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும்படி அமைத்த வீட்டில் இதனால் இணைப்பே மறுக்கப்படும். சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை நிறுத்திவைப்பதில் தீங்கில்லை.

திருமயம் வட்டத்துக் கடியாபட்டி, இராயவரம் போன்ற ஊர்களில், சுண்ணமும் செங்கல்லும் கொண்டு முழங்கை அகலத்துக்கு எழுப்பிய சுவர்களோடு வளவும் பட்டாலையும் இரண்டாங்கட்டும் அமைந்த நகரத்தார் வீடுகளைக் கண்டவர்களுக்கு இன்னொரு காரணம் தோன்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவாகப் போனாலும் சுவரைக் கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரிடம் தோற்பது. மோடம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து, புதிய இயங்குதளமோ டிரைவரோ வேகமானதையே விரும்பி நாடத் தொடங்கிவிட்டால், முன்பு பின்கட்டில் நிதானமாக ஓடிய கணினி இப்போது இரண்டுக்கும் இடையே அலைந்து அறுபடும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, பின்கட்டிலுள்ள கணினியை 2.4-லேயே நிறுத்துவது போதும்.

எங்கள் கதையில் மிச்சம் ஒன்று இருந்தது. பகல் அறுபடல் நின்ற மூன்றாம் நாள், காற்றோடு மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், இணைப்பு மறுபடி போயிற்று. இம்முறை கைப்பேசிகளும் போயின. மோடத்தில், இழையில் ஒளி வராததைக் காட்டும் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. நோட்டைப் புரட்டினால், முன்பும் கைப்பேசியோடு சேர்ந்து அறுந்த ஐந்து முறையும் மழைப் பத்தியில் காற்று என்று எழுதியிருந்தது. கேபிள்காரரை அழைத்தோம். ஒளியை அளக்கும் கைக்கருவியை இழையில் செருகிப் பார்த்துவிட்டு, “அய்யா, மைனஸ் இருபத்தேழு காட்டுது. இது தாங்காது” என்றார்.

அந்த எண்ணின் பொருளை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மைனஸ் முப்பது என்றால் ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி. மோடம் ஏறக்குறைய மைனஸ் இருபத்தெட்டு வரை தாங்கிப் படிக்கும். எண் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் மெல்லிய கண்ணாடி வழியில் வரும் அந்த ஒளி, இழை ஓர் இடத்தில் மடங்கினால் அங்கேயே கசிந்துபோகும். அவர் இழையோடு தெருவில் நடந்து போனார், மண்வெட்டி இல்லாத கடைமடை விவசாயியைப் போலவே. மூன்றாவது கம்பத்துக்கு அருகே, மழைக்குத் தழைத்த வேப்பங்கிளை ஒன்று இழையின்மேல் சாய்ந்து, காற்று அடிக்கும்போதெல்லாம் அதை அழுத்தி மடக்கிக்கொண்டிருந்தது. கிளையைக் கழித்து, அந்த இடத்தில் இழையை வெட்டி மீண்டும் ஒட்டவைத்ததும், கருவி மைனஸ் இருபது காட்டியது. ஆக, நாங்கள் இயங்குதளத்தின்மேல் சுமத்தியிருந்த குற்றங்களில் ஒரு பகுதி அதனுடையது. மற்றொரு பகுதி வேப்பமரத்தினுடையது.

ஒரு கிளையே இவ்வளவு செய்யுமானால் புயல் என்ன செய்யாது? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனதை நாம் மறக்கவில்லை. திட்டம் வகுத்தபோது மாநிலத்தில் இருந்த 12,525 ஊராட்சிகளுக்கும், அவற்றுள் இம்மாவட்டத்தின் 497 ஊராட்சிகளுக்கும், கண்ணாடி இழை கொண்டுசெல்லத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் முனைந்திருக்கிறது. அந்த இழையும் வீடுகளுக்குத் திரும்பும் கடைசித் தூரத்தில் கம்பத்திலும் மரத்திலும் தொங்கித்தான் வருகிறது. ஐப்பசி பிறக்கும் முன்பே கிளைகளைக் கழிப்பதைக் கேபிள்காரர்கள் ஆண்டுக் காரியமாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணினி பழுதுபார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு விண்ணப்பம். இணைப்பு அறுகிறது என்று வருகிறவரிடம், ஃபார்மட் என்று சொல்வதற்கு முன் கைப்பேசியிலும் சேர்ந்து போகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். விண்டோஸிலேயே கடந்த மூன்று நாட்களின் வைஃபை அறுபடல்களை வரைபடமாக்கித் தரும் வயர்லெஸ் நெட்வொர்க் ரிப்போர்ட் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். டிரைவரைத் திருப்புங்கள், உறக்கத்தை நிறுத்துங்கள், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வாசகர்களே, நீங்கள் கடைக்குப் போகும்போது பெட்டியோடு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் நோட்டில் கார்த்திகை முதல் தேதிக்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை.